அப்பாவையும் ஊரையும் இழந்த பெண்ணைக் கதையில் எப்படி மாற்றிக் காட்டுவது?

அப்பா இறந்து, வீடும் மாறிய 15 வயதுப் பெண்ணின் மாற்றத்தை எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அழுகையை விடுங்கள், அவள் தலையில் விழும் வேலைகளை எழுதுங்கள். உதாரணத்துக்கு, 2004 சுனாமிக்குப் பிறகு சென்னைக் கடற்கரைக் குப்பங்களிலிருந்து பல மீனவக் குடும்பங்களை நகரின் தென் விளிம்பில் உள்ள செம்மஞ்சேரிக்கு மாற்றினார்கள்; உங்கள் பெண்ணும் அப்படிப் போனவள் என்று வைத்துக்கொள்வோம். குப்பத்தில் அம்மா மீன் விற்கப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அத்தை, சித்தி என்று தெருவே இருக்கும், இங்கே அம்மா விடியற்காலையில் பஸ் பிடித்துப் போய்விட்டால் தம்பிக்குச் சோறு, தண்ணீர் பிடிப்பது, ரேஷன் கடை எல்லாம் இவள்தான். துக்கப்பட நேரமே இல்லாததால் அது கோபமாக, அதுவும் அம்மா மேலேயே வெளியே வரும். நிறைய கதைகள் இதைத் தவறவிடுவது எனக்கு வருத்தம். அப்புறம், புதுப் பள்ளியில் அப்பாவைத் தெரிந்தவர் யாருமில்லை. யாராவது கேட்டால் "கடலுக்குப் போயிருக்கார்" என்று அவள் சொல்லட்டும். அந்தப் பொய்யைக் காப்பாற்ற அவள் படும் பாட்டிலேயே பாதிக் கதை நகர்ந்துவிடும்.