2009 பன்றிக்காய்ச்சல்: நோயாளியின் உடலும் வைரஸின் மரபணுவும்

டர்பன் வட்டாரத் தமிழன்பர்களின் கேள்விகளுக்குத் தொற்றுநோய்ப் பிரிவு மருத்துவர் ஒருவர் அளித்த விடைகள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): பலருக்குச் சளி, காய்ச்சலோடு போன நோய் சிலரை மட்டும் மருத்துவமனையில் படுக்க வைத்தது ஏன், டாக்டர்?

பதில்: இருமல், தொண்டைவலி, உடல்வலி, சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வந்த நோய் பெரும்பாலோரிடம் ஒரு வாரத்துக்குள் தணிந்தது. நான்காம், ஐந்தாம் நாளில் மூச்சுத்திணறலோடு வந்தவர்களைப் பற்றித்தான் நாங்கள் அஞ்சினோம்; அவர்களுடைய நுரையீரலின் காற்றறைகளையே வைரஸ் தாக்கியிருக்கும், அல்லது அது புண்ணாக்கிய இடத்தில் நிமோனியா பாக்டீரியா குடிபுகுந்திருக்கும். தென்னாப்பிரிக்காவில் ஆய்வகம் உறுதிசெய்த 12,000-க்கும் மேற்பட்டவர்களில் 90-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களிடையே கர்ப்பிணிகளும் எச்.ஐ.வி. தொற்றுடையவர்களும் மிகுந்திருந்தது இந்நாட்டுக்கே உரிய வேதனை.

கேள்வி (பீனிக்ஸ்): எங்கள் ஆயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, இளைஞனான தம்பிதான் படுத்துவிட்டான். இது எப்படி?

பதில்: இந்தப் பன்றிக்காய்ச்சல் வைரஸ் எச்1என்1 என்னும் வகையைச் சேர்ந்தது; 1957-க்கு முன்பு உலவிய அதே வகை வைரஸ்களை ஆயாவின் உடல் சிறுவயதிலேயே சந்தித்திருக்கலாம். அந்த நினைவு தம்பியின் உடலுக்கு இல்லை.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): பன்றியிடமிருந்து வந்தது என்பது உண்மைதானா?

பதில்: உண்மை, ஆனால் அது பாதிக்கதை. இன்ஃபுளூயன்சா வைரஸின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருப்பதால், இருவேறு வைரஸ்கள் ஒரே உயிரணுவில் புகுந்தால் துண்டுகள் இடம்மாறிக் கலந்துவிடுகின்றன. 2009 வைரஸில் ஆறு துண்டுகள், பறவை, மனிதர், பன்றி ஆகிய மூவழி மரபும் ஏற்கெனவே கலந்திருந்த வட அமெரிக்கப் பன்றி வைரஸிலிருந்தும், மற்ற இரண்டு ஐரோப்பிய, ஆசியப் பன்றிகளின் வைரஸிலிருந்தும் வந்தவை. சமைத்த பன்றி இறைச்சியால் இது பரவுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று அந்த ஐயம் பலருக்கு இருந்தது.

கேள்வி (வெருலம்): வைரஸ் உருமாறியதால்தான் சிலர் இறந்தார்களா?

பதில்: அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. வைரஸின் மேற்புறப் புரதத்தில் 222-ஆம் இடத்து அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமான அலகு) மாறிய டி222ஜி என்ற வகை, நார்வேயில் கடும் நோயாளிகளிடம் கண்டறியப்பட்டு 2009 நவம்பரில் செய்தியானது. இம்மாற்றம் நுரையீரலின் ஆழத்திலுள்ள உயிரணுக்களைப் பற்றிக்கொள்ள வைரஸுக்கு உதவுகிறது. எனினும், அது நோயைக் கடுமையாக்கியதா, கடும் நோயில் நெடுநாள் தங்கிய வைரஸ் அங்கேயே அப்படி மாறியதா என்பதைப் பிரித்தறிவது கடினம். உயிரிழந்தோர் பலரிடம் அம்மாற்றம் இருக்கவும் இல்லை. என் கணிப்பில், வைரஸின் மரபணு மாற்றத்தைவிட நோயாளியின் உடல்நிலையும் மருந்து தொடங்கிய நாளுமே முடிவை அதிகம் தீர்மானித்தன.

கேள்வி (டோங்காட்): அப்படியானால் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: மூச்சு வாங்கினால் காத்திருக்கக் கூடாது. ஒசெல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்தை, நோய் தொடங்கிய முதல் 48 மணிநேரத்துக்குள் தொடங்கினால் மிகுந்த பயன் தரும்; பிந்தி வந்த கடும் நோயாளிக்கும் அதை நாங்கள் மறுப்பதில்லை. வைரஸில் தோன்றும் எச்275ஒய் என்னும் மரபணு மாற்றம் இம்மருந்தை முறியடிக்கும். நோயெதிர்ப்பு குன்றியவர்களிடம், அதுவும் மருந்து உட்கொள்ளும்போதே, அது தோன்றக்கூடும் என்பதால் அவர்களைக் கூர்ந்து கவனிக்கிறோம்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. தடுப்பூசி போடலாமா, டாக்டர்?

பதில்: போடலாம், அம்மா. எந்த மாதத்திலும் போடலாம். குளிர்காலம் தொடங்குமுன் போட்டுவிட்டால் பிறக்கும் குழந்தைக்கும் சில மாதப் பாதுகாப்பு கிடைக்கும்.