பழைய போன் இழுபடுகிறதா?

கேள்வி: 2 ஜிபி ராம், 16 ஜிபி கொள்ளளவுள்ள பழைய அன்ட்ரொயிட் போன் வைத்திருக்கிறேன். ‘இடம் போதாது’ என்று அடிக்கடி காட்டுகிறது; எதைத் தட்டினாலும் இழுபடுகிறது. ‘பூஸ்டர்’ செயலி போடலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டவே வேண்டாம். அது மூடிவிடும் செயலிகள் பின்னால் திரும்பவும் திறந்துகொள்ளும்; பற்றரிதான் வீணாகும்.

முதலில் வாட்ஸ்அப்பைப் பாருங்கள். அனேகமாகக் குற்றவாளி அதுதான். செட்டிங்ஸ், ‘ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா’, ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ என்று போனால் 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகள் தனியாகத் தெரியும். வற்றாப்பளைப் பொங்கல் வீடியோக்கள், காலை வணக்கப் படங்கள் எல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கும். தேவையானதை மெமரி கார்டுக்கு மாற்றிவிட்டு மிச்சத்தை அழியுங்கள். ‘மீடியா ஓட்டோ டவுன்லோட்’டில் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டுக்கும் எல்லா ‘சரி’ அடையாளங்களையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் பழைய கதைதான். ஒன்றரை ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

இழுபடுவதற்கு: போனின் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதியில் ‘பில்ட் நம்பர்’ மீது ஏழு தடவை தட்டினால் ‘டெவலப்பர் ஒப்ஷன்ஸ்’ திறக்கும். அதிலுள்ள மூன்று ‘அனிமேஷன் ஸ்கேல்’களையும் 0.5 ஆக்குங்கள். இதனால் புரொசசரின் வேகம் அதிகரிக்காது; ஆனால் திரை மாறும் நேரம் பாதியாகும். அங்குள்ள வேறெதையும் தொடாதீர்கள்.

பின்மூடி உப்பியிருந்தால் இதெல்லாம் பிறகு. சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிட்டுப் பற்றரியை மாற்றுங்கள்.