நட்சத்திரம் உருண்டை என்றால் அதன் வெடிப்பும் உருண்டையாகத்தானே இருக்க வேண்டும்?

அப்படி இருப்பதில்லை. சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரங்கள் சாகும்போது பெரும்பாலும் கோணலாகத்தான் வெடிக்கின்றன. இன்னும் சொல்லப்போனால், அந்தக் கோணல் இல்லாவிட்டால் அவற்றில் பலவும் வெடித்தே இருக்காது. சூப்பர்நோவாக்கள் எனப்படும் இந்த நட்சத்திர வெடிப்புகளைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

மையத்தில் சேரும் இரும்புக் கரு சந்திரசேகர் வரம்பு என்ற நிறை எல்லையை (சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு) ஒட்டி வந்ததும், தன் எடையைத் தாங்க முடியாமல் ஒரு நொடிக்குள் சரிந்துவிடும். பூமி அளவுக்கு இருந்தது சில பத்து கிலோமீட்டருக்குச் சுருங்கி இறுகி, மேலே வந்து விழுவதைத் திருப்பி அடிக்கும். அதில் கிளம்பும் அதிர்ச்சி அலை நேராக வெளியே போய்விடுவதில்லை. நூறு, இருநூறு கிலோமீட்டருக்குள்ளேயே திணறி நின்றுவிடுகிறது. எல்லாத் திசையும் ஒன்றுபோல என்று வைத்துக் கணினியில் கணக்குப் போட்டால், பெரும்பாலும் அத்தோடு சரி, வெடிப்பே வராது. முப்பரிமாணத்தில் போட்டால்தான் வருகிறது. கருவிலிருந்து கொட்டும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்களின் சூட்டில் வாயு உலைநீர் போலக் கொதித்துப் பொங்குகிறது. பொங்கும் குமிழ்கள் அலையை மேலே தள்ளுகின்றன. எந்தப் பக்கம் பலமாகப் பொங்குகிறதோ, அந்தப் பக்கம் முதலில் உடைத்துக்கொள்ளும்.

இதற்குத் தடயம் உண்டா? சுமார் 11,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள காசியோப்பியா ஏ என்ற வெடிப்பு எச்சத்தைப் பாருங்கள். வெடிப்பின் அடிவயிற்றில் உண்டாகும் டைட்டானியம்-44 அங்கே எப்படிச் சிதறியிருக்கிறது என்று நூஸ்டார் விண்வெளித் தொலைநோக்கி படமெடுத்தது. 2014-இல் முடிவு வெளியானது. சீரான கூடாக இல்லாமல் கட்டிகட்டியாக இருந்தது. நடுவில் மிஞ்சிய நியூட்ரான் நட்சத்திரமோ (சுருங்கி இறுகிய அந்தக் கரு), டைட்டானியம் அதிகம் போன திசைக்கு ஏறக்குறைய எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. துப்பாக்கி பின்னால் உதைப்பதும் இதே விதியால்தான்.

எச்சம் என்பது பல காலம் கழித்துப் பார்ப்பது. வெடித்த மறுநாளே வடிவம் தெரிந்த ஒன்றும் உண்டு: எஸ்என் 2024ஜிஜிஐ என்ற சூப்பர்நோவா. 2024 ஏப்ரல் 10-இல் கண்டுபிடிக்கப்பட்டது, தொலைவு சுமார் 2.2 கோடி ஒளியாண்டு. எந்தத் தொலைநோக்கியிலும் அது வெறும் புள்ளிதான். ஆனால் எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறும் ஒளிக்குத் தளவிளைவு உண்டு, அதாவது அதன் அலைகள் ஒரு குறிப்பிட்ட திசையில் அதிகமாக அதிரும். வெடிப்பு உருண்டையாக இருந்தால் எல்லாப் பக்கத்துத் தளவிளைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். நீண்டிருந்தால் மிச்சம் நிற்கும். கண்டுபிடித்து 26 மணி நேரத்தில் சிலியிலுள்ள விஎல்டி தொலைநோக்கி அளந்தபோது மிச்சம் நின்றது. அலை நட்சத்திரத்தின் மேற்பரப்பைக் கிழித்து வெளிவந்தது ஆலிவ் காய் போன்ற நீள்வடிவில். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் அந்த வடிவம் கிடைத்திருக்காது. பிறகு சுற்றியிருந்த வாயுவில் மோதி அது தட்டையானது; ஆனால் அச்சு மட்டும் திசை மாறவில்லை. ஒரு நட்சத்திரத்தை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனாலும் தள்ளியது உள்ளிருந்து, அதுவும் ஒரே அச்சில் என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் படித்ததில்லை.