புதரைத் தேடுங்கள், பட்டாம்பூச்சி வரும்

கேள்வி: ஏப்ரல் கடைசியில் இங்கிலாந்தில் இரண்டு வாரம் இருக்கப் போகிறேன். கிரீன் ஹேர்ஸ்ட்ரீக் என்ற சின்னப் பச்சைப் பட்டாம்பூச்சியைப் படம் எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எங்கே போய், எப்படித் தேடுவது?

பதில்: நல்ல நேரம் பார்த்துத்தான் போகிறீர்கள். இது குளிர்காலம் முழுவதையும் தரையில் கூட்டுப்புழுவாகக் கழித்துவிடும். அதனால் வெயில் கொஞ்சம் ஏறியதுமே வெளியே வந்துவிடுகிறது. முட்டையாகவோ புழுவாகவோ குளிரைத் தாண்டுகிற இனங்கள் இன்னும் தின்று வளர்ந்துகொண்டிருக்கும்போது இது பறந்து திரியும். ஏப்ரல் நடுவில் தொடங்கி மே மாதம் நிறையத் தெரியும், ஜூன் கடைசிவரை மிச்சம் மீதி இருக்கும். வருஷத்துக்கு ஒரே தலைமுறைதான்.

இடம் என்று பார்த்தால் இதற்குப் பிடிவாதம் குறைவு. சுண்ணாம்பு மண் உள்ள புல் சரிவுகள், புதர் மண்டிய திறந்தவெளிகள், கைவிட்ட ரயில் பாதைகளின் ஓரம், காட்டின் விளிம்பு, வடக்கே போனால் உயரமான மூர் நிலங்கள் (மரமில்லாத, குறுஞ்செடி மண்டிய மேட்டுநிலம்) என்று எல்லா இடத்திலும் இருக்கும். புழு பலவகைச் செடிகளைத் தின்னும் என்பதுதான் காரணம்: கோர்ஸ், புரூம், ராக்-ரோஸ், பேர்ட்ஸ்-ஃபுட் ட்ரெஃபாயில், மூர் நிலத்தில் பில்பெரி. இந்தச் செடிகளின் படங்களைப் போவதற்கு முன்பே பார்த்து மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். செடி தெரியாமல் பூச்சியைத் தேடுவது வீண் அலைச்சல்.

சரி, இடத்துக்குப் போய்விட்டீர்கள். இப்போது நடப்பதை நிறுத்துங்கள். பெரும்பாலானவர்கள் புல்வெளி முழுக்க நடந்து நடந்து பச்சையைத் தேடுகிறார்கள், அது கிடைக்காது. இந்தப் பட்டாம்பூச்சியின் மேல்பக்கம் பழுப்பு, பறக்கும்போது அந்தப் பழுப்புதான் கண்ணில் படும், ஏதோ ஒரு சின்ன அந்துப்பூச்சி விர்ரென்று சுழன்று போனதாகத் தோன்றும். உட்கார்ந்ததும் சிறகை மூடிவிடும், பழுப்பு மறைந்து அடிப்பக்கத்துப் பச்சை இலையோடு இலையாகிவிடும். சிறகை மூடிய நிலையில் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

ஆனால் ஆண் பூச்சியிடம் ஒரு பழக்கம் உண்டு, நமக்கு உதவுவது அதுதான். அது ஒரு புதரைத் தன் இடமாக வைத்துக்கொண்டு, வெயில் படுகிற ஒரு இலையில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் பறந்து வருகிற எதையும் விரட்டிக்கொண்டு போகும், பெண்ணாக இருந்தால் துரத்தும், இன்னொரு ஆணாக இருந்தால் இரண்டும் சுழன்று சுழன்று மேலே போகும், அப்புறம் அதே புதருக்கு, பல நேரம் அதே கிளைக்குத் திரும்பி வந்து உட்காரும். ஆகவே தெற்குப் பார்த்த, காற்று அடிக்காத, வெயில் விழுகிற புதராகப் பார்த்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று கவனியுங்கள். பழுப்பாக ஏதாவது சுழன்றால் அது எந்த இலையில் இறங்குகிறது என்று கண்ணை எடுக்காமல் பாருங்கள். நீங்கள் கிட்டே போகும்போது பறந்துவிட்டாலும் பின்னால் ஓடாதீர்கள், அங்கேயே நில்லுங்கள்.

முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கோர்ஸ் முழுக்க முழுக்க முள், தவிர அந்தப் புதர்வெளிகளில் உண்ணி இருக்கும், வீடு திரும்பியதும் கால், இடுப்பு எல்லாம் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: என்னிடம் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இருக்கிறது. இந்தப் பூச்சியை எடுத்தால் ஃபோகஸ் இலையில் போய் நிற்கிறது. சரியாக விழுந்த படங்களிலும் பச்சை மங்கலாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஃபோகஸ். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, இந்தப் பூச்சி சிறகை மூடியே உட்காரும் என்பதால் நீங்கள் எடுக்க வேண்டியது கிட்டத்தட்ட ஒரு தட்டையான பரப்பு. கேமராவின் பின்பக்கம் அந்தச் சிறகுக்கு இணையாக இருக்கும்படி உங்கள் உடம்பை நகர்த்துங்கள், மண்டியிட வேண்டியிருந்தால் மண்டியிடுங்கள். கோணம் கொஞ்சம் திரும்பினாலும் கண் கூர்மையாகவும் சிறகின் ஓரம் கலங்கலாகவும் வந்துவிடும்.

அடுத்தது, மேக்ரோ லென்ஸ் கையில் இருக்கிறது என்பதற்காக முழு அளவுக்கு நெருங்கிப் போகாதீர்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் f/8 வைத்து 1:1 அளவில், அதாவது பூச்சி அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்படி எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். அதையே பாதி அளவில், அதாவது 1:2-இல் எடுத்தால் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் கிடைக்கும். சிறகு, கண், கால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும், பூச்சியும் பயப்படாது. பிறகு வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஆட்டோஃபோகஸில் ஒற்றைப் புள்ளியைக் கண்ணின் மேல் வையுங்கள். அதுவும் தடுமாறினால் மேனுவலுக்கு மாறி, வளையத்தைத் திருப்பாமல் உடம்பை மட்டும் நூலளவு முன்னும் பின்னும் ஆட்டி, தொடர்ந்து நாலைந்து படம் எடுங்கள். காற்றில் இலை ஆடும், ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே போகாமல் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றிக்கொள்ளுங்கள். படத்தில் கொஞ்சம் நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான கரகரப்பு, சேர்ந்தால் பிறகு சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

பச்சை மங்குவதற்குக் காரணம் வேறு. அந்த நிறம் சாயம் கிடையாது. சிறகுச் செதில்களுக்குள் கைட்டின் என்ற பொருள் மிக நுண்ணிய முப்பரிமாண வலையாக அடுக்கப்பட்டிருக்கிறது, அந்த அடுக்கு பச்சை ஒளியை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அதனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மற்றப் பட்டாம்பூச்சிகளைவிட இதில் நிறையவே முக்கியம். நல்ல விஷயம் என்னவென்றால், குளிராக இருக்கும்போது இது பக்கவாட்டில் சாய்ந்து மூடிய சிறகை வெயிலுக்கு நேராகக் காட்டிச் சூடேற்றிக்கொள்ளும். சூரியன் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால் சிறகு உங்களை நேராகப் பார்க்கும், பச்சையும் அப்போதுதான் பளிச்சென்று இருக்கும். உங்கள் நிழல் மட்டும் அதன் மேல் விழக் கூடாது, விழுந்த நொடியே பறந்துவிடும். கேமரா ஃபிளாஷை நேராக அடித்தால் வெள்ளைப் பளபளப்புதான் வரும், வேண்டாம்.

எடுத்த பிறகு சிறகில் பழுப்புத் திட்டு தெரிந்தால் அது உங்கள் தவறு அல்ல, செதில் உதிர்ந்த பூச்சி. மே முதல் பாதியில் பெரும்பாலும் புத்தம் புதிதாகவே இருக்கும்.

கேள்வி: சிறகை விரித்தபடி ஒரு படம் வேண்டும். காத்திருந்தால் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. இது உட்கார்ந்திருக்கும்போது சிறகை விரிப்பதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும்போது எடுக்க முயலலாம், அதற்குச் செலவாகிற நேரத்தில் மூடிய சிறகில் நாலு அருமையான படம் எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி: பட்டாம்பூச்சியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் பறக்காமல் உட்காரும், நிதானமாக எடுக்கலாம் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் குளிரில் அது அமைதியாக இருக்கவில்லை, உடம்பு செயலற்றுக் கிடக்கிறது, வெளியே எடுத்து வைத்ததும் தப்பிக்க முடியாமல் பறவைக்கோ சிலந்திக்கோ இரையாகலாம். பிடிக்கும்போதே செதில் உதிரும், நீங்கள் தேடி வந்த பச்சையே போய்விடும். அசையாத பூச்சிதான் வேண்டுமென்றால் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள், அல்லது மேகம் சூரியனை மறைக்கிற இடைவெளியைப் பயன்படுத்துங்கள். உடம்பு சூடேறாமல் அதனால் பறக்க முடியாது, முதல்நாள் மாலை எந்தப் புதரில் அடைந்தது என்று பார்த்து வைத்திருந்தால் காலையில் பத்து நிமிடம் நிம்மதியாக எடுக்கலாம். குறுக்கே நிற்கும் புல்லைப் பிடுங்க வேண்டாம், மெதுவாக வளைத்துப் பிடித்துக்கொண்டு எடுத்தபின் விட்டுவிடுங்கள். செடியின் அடியில் மிதிக்காதீர்கள், இந்த இனத்தின் கூட்டுப்புழுக்கள் அங்கேதான் கிடக்கும். அவை கீச்சென்று ஒலி எழுப்பும், எறும்புகளை ஈர்க்கத்தான் அது என்று கருதுகிறார்கள்.

கேள்வி: கேமரா இல்லை, ஃபோன் மட்டும்தான். முடியுமா?

பதில்: முடியும். ஃபோனின் மேக்ரோ வசதி பெரும்பாலும் அகலக்கோண லென்ஸில் வேலை செய்யும், அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிட்டே போக வேண்டும், அவ்வளவு தூரம் இந்தப் பூச்சி விடாது. இரண்டு மூன்று மடங்கு டெலிஃபோட்டோ லென்ஸ் உள்ள ஃபோன் என்றால் அதை வைத்துத் தள்ளி நின்று எடுங்கள். திரையில் பூச்சியைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் பச்சை வெளுக்காது. முதலில் தூரத்திலிருந்தே ஒரு படம், ஒரு அடி நகர்ந்து இன்னொன்று, அப்படியே போங்கள். எப்போது பறந்தாலும் அதற்கு முன் எடுத்த படம் கையில் இருக்கும்.