அப்பாவின் பழைய போனில் ஹாட்ஸ்பாட் பெயரே வரவில்லை: வைஃபை ஐசி மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர் தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். தடைக்காலம் என்பதால் இப்போது வீட்டில் இருக்கிறார். அவரிடம் 2016இல் வாங்கிய சாம்சங் கேலக்ஸி ஜே2 இருக்கிறது. அதில் பேசுவதற்கு மட்டும்தான் ரீசார்ஜ். நெட் வேண்டுமென்றால் என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுப்பேன். போன மாதம் நான் புதிதாக ஒரு 5ஜி போன் வாங்கினேன். அன்றிலிருந்து அப்பா போனில் என் ஹாட்ஸ்பாட் பெயரே வருவதில்லை. தங்கை போனில் வருகிறது. கடையில் காட்டினால், "வைஃபை ஐசி போய்விட்டது, 1,800 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான், அவனிடம் வீடியோவில் பேச அப்பாவுக்கு இது ஒன்றுதான் வழி. பணம் கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். வைஃபை ஐசி என்பது போனுக்குள் வைஃபையை இயக்குகிற சின்னச் சில்லு; அது போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. உங்கள் பழைய போனில் ஹாட்ஸ்பாட் போட்டவரை அப்பாவுக்கு நெட் கிடைத்தது. புதுப் போன் வந்த அன்றிலிருந்து கிடைக்கவில்லை. அப்பாவின் போன் அப்படியேதான் இருக்கிறது, மாறியது உங்கள் போன். ஆகவே முதலில் திறந்து பார்க்க வேண்டியது உங்கள் போனின் செட்டிங்ஸ்.

ஹாட்ஸ்பாட் போட்டதும் உங்கள் போன் ஒரு குட்டி வைஃபை நிலையமாக ஆகிவிடுகிறது. அது இரண்டு அலைவரிசைகளில் ஏதாவது ஒன்றில் ஒலிபரப்பும்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அல்லது 5 கிகாஹெர்ட்ஸ். இன்றைய போன்களுக்கு இரண்டும் தெரியும். ஆனால் கேலக்ஸி ஜே2, ரெட்மி 5ஏ போல அந்தக் காலத்தில் குறைந்த விலைக்கு வந்த போன்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். மீடியம் வேவ் மட்டும் உள்ள பழைய ரேடியோ பெட்டியில் பாம்பன் 'கடல் ஓசை' 90.4 எஃப்எம்மைத் தேடினால் எத்தனை முறை திருகினாலும் கிடைக்காது. அதற்காகப் பெட்டி பழுது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் புதுப் போன் 5இல் ஒலிபரப்பினால் அப்பாவின் போனுக்கும் அதே நிலைதான். தங்கையின் போனுக்கு இரண்டும் தெரியும், அதனால் அதில் பெயர் வருகிறது.

இங்கே நிறைய பேர் குழம்புகிற ஒரு இடம் உண்டு. 5ஜி வேறு, 5 கிகாஹெர்ட்ஸ் வேறு. 5ஜி என்பது டவருக்கும் உங்கள் போனுக்கும் நடுவே இருக்கிற தொடர்பின் தலைமுறை. 5 கிகாஹெர்ட்ஸ் என்பது உங்கள் போனுக்கும் அப்பாவின் போனுக்கும் நடுவே இருக்கிற வைஃபையின் அலைவரிசை. '5ஜி போன் வாங்கியதால் இனி பழைய போனுக்கு நெட் கொடுக்க முடியாது' என்று நினைக்க வேண்டாம். டவரிலிருந்து 5ஜியில் வாங்கி, 2.4இல் அப்பாவுக்குக் கொடுக்கலாம். தாராளமாக முடியும்.

மாற்றும் விதம் இதுதான். உங்கள் போனில் செட்டிங்ஸ் போய், ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்து, பெயரும் பாஸ்வேர்டும் இருக்கிற இடத்துக்குப் போங்கள். அங்கே 'பேண்ட்' (அலைவரிசை) அல்லது 'ஏபி பேண்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 2.4ஐத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் பேண்ட் என்று இருக்காது, 'எக்ஸ்டெண்ட் கம்பாட்டிபிலிட்டி' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆன் செய்ய வேண்டும். ஐபோன் 12 முதல் வந்தவற்றில் அதே வேலையைச் செய்வது 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'. ஐபோன் என்றால் இன்னொன்று: அடுத்த போன் இணையும்வரை ஹாட்ஸ்பாட் பக்கத்தை மூடாமல் வையுங்கள். பிறகு ஹாட்ஸ்பாட்டை ஒரு முறை அணைத்துப் போட்டு, அப்பா போனில் வைஃபையையும் அதே போல் அணைத்துப் போடுங்கள். அரை நிமிடத்தில் பெயர் வந்துவிட வேண்டும்.

உங்கள் போன் வீட்டிலோ கடையிலோ ஏதாவது வைஃபையில் இணைந்தபடியே ஹாட்ஸ்பாட் போட்டால், சில போன்களில் அந்த வைஃபை எந்த அலைவரிசையோ அதிலேயே ஹாட்ஸ்பாட்டும் நின்றுவிடும். நீங்கள் 2.4 என்று சொல்லியிருந்தும் அது கேட்காது. அதனால் சோதிக்கும்போது உங்கள் போனின் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் மட்டும் இருங்கள்.

வேகம் குறையுமே என்று கேட்பீர்கள். குறையும்தான், ஆனால் அண்ணனோடு வீடியோவில் பேச அது தாராளமாகப் போதும். சொல்லப்போனால் 2.4க்கு ஒரு நன்மை இருக்கிறது. அந்த அலை நீளமானது, சுமார் 12 சென்டிமீட்டர். 5இன் அலை அதில் பாதிகூட இல்லை. நீண்ட அலை சுவர் தாண்டி எட்டும். நீங்கள் உள்ளறையில் இருக்க, அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேசலாம்.

சரி, பெயர் வந்துவிட்டது, பாஸ்வேர்டு போட்டால் 'ஆதென்டிகேஷன் எரர்' என்கிறது, அல்லது 'சேவ்டு' என்று காட்டிவிட்டுச் சும்மா நிற்கிறது என்றால்? அடுத்து பார்க்க வேண்டியது பூட்டு. வைஃபைக்கான பழைய பூட்டு டபிள்யூபிஏ2, 2004இல் வந்தது. புதியது டபிள்யூபிஏ3, 2018இல் அறிவித்தார்கள். 2015இல் வெளியான ஜே2க்கு அந்தப் புதுப் பூட்டைத் திறக்கத் தெரியாது. ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'செக்யூரிட்டி' என்ற வரியில் டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருந்தால் டபிள்யூபிஏ2 பெர்சனல் என்று மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்த கலப்பு முறைகூடச் சில பழைய போன்களுக்குச் சிக்கல் தரும். அப்போதும் தனி டபிள்யூபிஏ2தான் நல்லது. ஆனால் அவசரத்துக்குக்கூட 'நன்' அல்லது 'ஓப்பன்' என்று பாஸ்வேர்டே இல்லாமல் விடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் எல்லாரும் உங்கள் டேட்டாவில் நுழைவார்கள்.

பாஸ்வேர்டைத் தட்டும்போது 'ஷோ பாஸ்வேர்டு' என்பதை டிக் செய்து, ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். முதல் எழுத்தைக் கீபோர்டு தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. முன்பு ஒரு முறை தப்பாகப் போட்டது போனில் பதிந்திருந்தால், அந்தப் பெயரை அழுத்திப் பிடித்து 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். உங்கள் பழைய போனில் இருந்த அதே ஹாட்ஸ்பாட் பெயரைப் புதுப் போனிலும் வைத்திருந்தால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். இரண்டும் ஒன்று என்று நினைத்து, அப்பாவின் போன் பழைய பாஸ்வேர்டையே அனுப்பிக்கொண்டிருக்கும்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் கடற்கரையில் படகின் பெயரையே ஹாட்ஸ்பாட்டுக்கும் வைக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்த பழக்கம்தான், ஆனால் அதைத் தமிழில் வைத்தால் பழைய போன்கள் தடுமாறுகின்றன. வைஃபை பெயருக்கு 32 பைட் (எழுத்தைச் சேமிக்கும் இடத்தின் அளவு) இடம்தான் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் 'அ' போன்ற தனி எழுத்துக்கே 3 பைட். புள்ளியோ கொம்போ காலோ சேர்ந்தால் 6. 'முனியசாமி' 27 பைட், உள்ளே அடங்கிவிடும். 'அந்தோணியார்' 33 பைட். ஒரே ஒரு பைட் மிஞ்சுவதால் போன் ஏற்காது. அடங்குகிற பெயரையும் சில பழைய போன்கள் கட்டம் கட்டமாகக் காட்டும், இணையவும் மறுக்கும். படத்துக்குறி, ஒற்றை மேற்கோள்குறி எல்லாமும் அப்படித்தான். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள சின்னப் பெயராக வைத்துவிடுங்கள்.

'ஐபி அட்ரஸ் பெறுகிறது' என்று காட்டியபடியே சுற்றிக்கொண்டிருந்தால், அப்பா போனில் யாரோ எப்போதோ ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அந்தப் போனின் முகவரி எண்ணை, கையால் போட்டு வைத்திருக்கலாம். ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் முன்பெல்லாம் எப்போதும் 192.168.43.1 என்ற எண்ணில்தான் நின்றது. புதிய போன்கள் அந்த எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் போனுக்கு வாசல் தெரியாது. ஹாட்ஸ்பாட் பெயரை அழுத்திப் பிடித்து, 'மாடிஃபை', 'அட்வான்ஸ்டு' என்று போய், ஐபி செட்டிங்ஸில் டிஹெச்சிபி (எண்ணைத் தானாகவே வாங்கிக்கொள்ளும் முறை), பிராக்ஸியில் நன் என்று வையுங்கள். உங்கள் போனில் எத்தனை பேர் இணையலாம் என்ற வரம்பையும், தடுக்கப்பட்ட போன்களின் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். டேட்டா சேவர் ஆன் ஆகியிருந்தால் ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட்டே வேலை செய்யாது.

இணைந்துவிட்டது, ஆனால் எதுவும் திறக்கவில்லை என்றால் அப்பா போனின் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கிப் பல நாள் கிடந்த பழைய போன் சில வருடம் பின்னால் போய் நிற்கும். பாதுகாப்பான தளங்களும் வாட்ஸ்அப்பும் தேதி தப்பான போனை நம்பாது. தேதி சரியாக இருந்தும் சில இணையதளங்கள் மட்டும் 'சர்டிஃபிகேட்' (தளத்தின் அடையாளச் சான்று) என்று சொல்லித் திறக்க மறுத்தால், அது போனின் வயது; ஆண்ட்ராய்டு 7.1க்கு முந்தைய போன்களில் இது வரும், ஹாட்ஸ்பாட்டின் குற்றமில்லை. வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, 2023 அக்டோபர் 24 முதல் ஆண்ட்ராய்டு 5.0க்குக் கீழே உள்ள போன்களில் அது நின்றுவிட்டது. அப்பாவின் போன் 5.1, அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு அப்டேட் வராத போன் என்பதால் அதில் பேங்க் ஆப்பும் பணம் அனுப்பும் ஆப்பும் வைக்க வேண்டாம். பேசுவதற்கும் கடல் வானிலை பார்ப்பதற்கும் அது போதும்.

இனி அந்த ஐசி விஷயம். வைஃபை ஐசி உண்மையிலேயே போகும், போனதே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காசு செலவில்லாமல் அதை வீட்டிலேயே சோதிக்கலாம். 2.4 மட்டுமே தெரிந்த இன்னொரு பழைய போனைப் பக்கத்து வீட்டில் வாங்கி, அதில் ஹாட்ஸ்பாட் போடுங்கள். அப்பா போனில் அது தெரிந்தால் ஐசி உயிரோடு இருக்கிறது. இன்னொரு வழி, அப்பா போனிலேயே ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள். அதற்கும் அதே ஐசிதான் வேலை செய்ய வேண்டும். உங்கள் போனில் அதன் பெயர் வந்தால் 1,800 ரூபாய்க்கு வேலையே இல்லை. வைஃபை சுவிட்ச் ஆனே ஆகவில்லை, மங்கலாக நிற்கிறது, 'மேக் அட்ரஸ்' (போனின் வைஃபைக்கு உரிய அடையாள எண்) இருக்க வேண்டிய இடத்தில் 'அன்அவைலபிள்' என்று வருகிறது, எந்த ஊரில் எந்த வைஃபையும் தெரிவதில்லை என்றால்தான் கடைக்காரர் சொன்னதை நம்பலாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை இருக்கிறது. போனைச் சாண் தூரத்தில் வைத்தால் இணைகிறது, நாலடி நகர்ந்தால் விட்டுப்போகிறது என்றால், கெட்டது பெரும்பாலும் ஐசி அல்ல, ஆன்டெனா தொடும் இடம். ராமநாதபுரத்தில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு மண்டபம், பாம்பன், ஏர்வாடி, தொண்டி என்று கரையோரத்திலிருந்து வரும் போன்களைத் திறந்தால் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். உப்புக்காற்றில், அந்தச் சின்னச் செம்பு நாக்கு பச்சை பூத்துக் கிடக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நாக்கைக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டால் முடிந்தது. ஐசி மாற்றுகிற கூலியைப் போல இதற்கு ஆகாது. கடையில், "முதலில் ஆன்டெனா காண்டாக்டைச் சுத்தம் செய்து பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். ஈரக் கையோடும் மீன் கையோடும் எடுக்கிற போன் என்றால் பின்மூடியின் ஓரத்தையும் அவ்வப்போது காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

செட்டிங்ஸ் எல்லாவற்றையும் பார்த்தும் அசையவில்லை என்றால் மட்டும் அப்பா போனில் 'நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட்' இருந்தால் அதைக் கொடுங்கள். படமும் காண்டாக்டும் அழியாது, ஆனால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் ப்ளூடூத் இணைப்புகளும் போய்விடும். 'ஃபேக்டரி ரீசெட்' வேறு, அதைத் தொடாதீர்கள். அன்று இரவே அண்ணனோடு பேசியாக வேண்டும் என்றால் ப்ளூடூத் டெதரிங் ஒரு மாற்று வழி. உங்கள் போனில் அதை ஆன் செய்து இரண்டையும் ஜோடி சேர்த்தால் நெட் போகும். வேகம் மிகக் குறைவு, வீடியோ திக்கும், குரல் மட்டும் என்றால் சமாளிக்கலாம்.

அப்பா போன் இணைந்த முதல் பத்து நிமிடத்துக்குள் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் போனுக்கு உங்கள் ஹாட்ஸ்பாட் மொபைல் டேட்டா என்று தெரியாமல் போகலாம். வைஃபைதானே என்று நினைத்து, மாதக் கணக்கில் தேங்கிக் கிடந்த ஆப் அப்டேட்டுகளை எல்லாம் இறக்கத் தொடங்கும். பிளே ஸ்டோரில் 'ஆட்டோ அப்டேட்' என்பதை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய், வைஃபையில் தானாக இறங்கும் படம், வீடியோ எல்லாவற்றின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் போட்ட ஒன்றரை ஜிபி, அண்ணன் வேலை முடிந்து கூப்பிடுகிற நேரத்துக்கு மிச்சம் இருக்காது.