சேர்வரில் போட்டதும் தரவுத்தளம் இணையவில்லை, எந்த செட்டிங்கை முதலில் பார்ப்பது?

நீங்கள் கேட்டது: மடிக்கணினியில் ஒழுங்காக ஓடுகிற ஃபிளாஸ்க் (பைதன்) சேவை, உபுண்டு சேர்வரில் ஏற்றியதும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு இணைய மறுக்கிறது, செட்டிங்ஸ் கோப்பைப் பத்துத் தரம் பார்த்தும் ஒரு பிழையும் தெரியவில்லை. நீங்கள் ஒட்டியிருப்பது பிழை இலக்கம் 1045, அக்செஸ் டினைட், அதாவது உள்ளே விட மறுப்பு. அந்த வரியின் கடைசியில் 'யூசிங் பாஸ்வேர்ட்: நோ' என்று கிடக்கிறதே, அதைத்தான் பிடிக்க வேண்டும். பாஸ்வேர்ட் பிழையாக இருந்தால் அங்கே 'யெஸ்' என்று வரும். 'நோ' என்றால் பாஸ்வேர்டே போகவில்லை. கோப்பு சரியாகத்தான் இருக்கும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம் அந்தக் கோப்பைக் கண்டதே இல்லை.

அனேகமாக நடந்தது இதுதான். பாஸ்வேர்டை உங்கள் யூசரின் பாஷ்ஆர்சி கோப்பில் (டெர்மினல் திறக்கும்போது வாசிக்கப்படுவது) எழுதியிருப்பீர்கள், டெர்மினலில் கையால் ஓட்டினால் வேலை செய்யும், அதையே சிஸ்டம்டி சேவையாக, அதாவது உபுண்டுவே பின்னணியில் தொடங்கி நடத்தும் சேவையாக ஓட்டும்போது அது பாஷ்ஆர்சியைத் திரும்பியும் பார்க்காது. சேவைக் கோப்பிலேயே என்விரோன்மென்ட்ஃபைல் என்ற வரியில், பாஸ்வேர்ட் எழுதிய தனிக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள் (பாஷ்ஆர்சியை அல்ல), சேவைக் கோப்பைத் திரும்ப வாசிக்கச் சொல்லும் டீமன்-ரீலோட் செய்து, சேவையைத் திருப்பித் தொடங்குங்கள். அப்புறம் நம்பிக்கையில் விடாமல், சேவையின் பிராசஸ் இலக்கத்தை எடுத்து, /ப்ரொக் அடைவில் அந்த இலக்கத்துக்குக் கீழே இருக்கும் என்விரோன் கோப்பை சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) திறந்து பாருங்கள். புரோகிராம் தொடங்கும்போது அதன் கைக்கு என்ன வந்தது என்பது அங்கே அப்படியே இருக்கும்.

வேறு செய்தி வந்தால் வேறு இடம். பிழை இலக்கம் 2003 வந்து, அதோடு அடைப்புக்குறிக்குள் 111 என்று இருந்தால் சேர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லை: மைஎஸ்கியூஎல் ஓடவில்லை, அல்லது போர்ட் 3306 இல்லை, அல்லது பைண்ட்-அட்ரஸ் (எந்த முகவரியில் வருகிறவர்களைக் கேட்பது என்ற செட்டிங்) 127.0.0.1இல், அதாவது அதே கணினிக்குள் மட்டும் என்று நிற்கிறது, உபுண்டுவில் நிறுவினால் வழமையாக அப்படித்தான் இருக்கும். 111க்குப் பதில் 110 என்றால் பெரும்பாலும் ஃபயர்வோல் வழியை மறிக்கிறது. 1049 என்றால் எல்லாம் சரி, தரவுத்தளத்தின் பெயர்தான் பிழை. சேவையை டொக்கரில், அதாவது கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டினால், லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரே, உங்கள் சேர்வர் இல்லை. இன்னொன்று, பாஸ்வேர்டில் @ இருந்து அதைத் தரவுத்தள யூஆர்எல்லுக்குள் அப்படியே எழுதினால், ஃபிளாஸ்கிலிருந்து தரவுத்தளத்தோடு பேசும் எஸ்கியூஎல்அல்கெமி முதல் @ஓடு பாஸ்வேர்ட் முடிந்தது என்று எடுத்து, மிச்சத்தை சேர்வர் பெயரோடு ஒட்டிவிடும். பிழைச்செய்தியில் சேர்வர் பெயருக்கு முன்னால் உங்கள் பாஸ்வேர்டின் வால் தெரிந்தால் இதுதான் காரணம், @ இருக்கும் இடத்தில் %40 என்று எழுதுங்கள்.

இணைந்த பிறகும் ஒரு தொல்லை இருக்கிறது, என்னைக் கிழமைக் கணக்கில் அலைய வைத்தது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவு எழுதும் சேவை செய்து கொடுத்தேன். காலபோக அறுவடை நேரம், விடிய முன்னமே உழவு இயந்திரங்கள் பெட்டியோடு வாசலில் வரிசையாக நிற்கும், தராசில் நிறை பார்த்து அடித்தால் விவசாயிக்குத் துண்டு வர வேண்டும். கணக்குப் பார்க்கும் அக்கா ஒவ்வொரு நாளும் ஒரே கதைதான் சொன்னார்: "தம்பி, காலமை முதல் துண்டு வராது, திருப்பி அமத்தினால் வரும்." 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் நின்று பழகிய பிறகு எங்கள் பக்கத்தில் எது நின்றாலும் முதல் சந்தேகம் கரண்டில்தான். பிறகு ரவுட்டரில். நானும் ரவுட்டரை மாற்றி, பாஸ்வேர்டை மாற்றி, மூன்று செட்டிங்கை ஒரே நேரத்தில் மாற்றி, எதனால் என்ன நடந்தது என்றே தெரியாமல் நின்றேன். கடைசியில் சேவையின் பிழைப் பதிவை (லொக்) திறந்தால் ஒவ்வொரு காலையும் ஒரே பிழை இலக்கம், 2006, சேர்வர் ஹாஸ் கோன் அவே, சேர்வர் போய்விட்டது.

மைஎஸ்கியூஎல்லில் வெயிட்_டைம்அவுட் வழமையாக 28800 விநாடி, அதாவது 8 மணித்தியாலம். அவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிற இணைப்பைச் சேர்வர் தானே வெட்டிவிடும். ஆலை பின்னேரம் ஆறு மணிக்குப் பூட்டி காலை ஏழு மணிக்குத் திறக்கிறது, பதின்மூன்று மணித்தியாலம். என் பக்கத்தில் இருந்த பூலுக்கு (இணைப்புகளைத் திறந்து வைத்துத் திரும்பத் திரும்பப் பாவிக்கும் இடம்) வெட்டுப்பட்டது தெரியாது, செத்த இணைப்பை எடுத்து முதல் துண்டுக்குக் கொடுக்கும், அது விழுந்த பிறகுதான் பழையதுகளைத் தள்ளிவிட்டுப் புதிதாகப் பிடிக்கும். அக்கா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. இணைப்பைக் கொடுக்க முன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் பூல்_ப்ரீ_பிங் என்பதை ட்ரூ ஆக்கி, பழைய இணைப்பை மாற்றும் பூல்_ரீசைக்கிளை 3600 விநாடி ஆக்கினேன், அடுத்த நாள் முதல் துண்டே வந்தது. இவை இரண்டும் எஸ்கியூஎல்அல்கெமியில் இயல்பாக நிறுத்தித்தான் இருக்கும், நீங்கள்தான் போட வேண்டும்.

பூல் அளவையும் கண்டபடி கூட்டாதீர்கள். இயல்பாக 5, நெருக்கடியில் மேலதிகமாக 10. ஃபிளாஸ்க் சேவையை ஓட்டும் குனிகோர்னில் நான்கு வேர்க்கர் (ஒரே நேரத்தில் ஓடும் பிரதிகள்) ஓடினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூல், ஆகக்கூடியது 60 இணைப்பு. மைஎஸ்கியூஎல் இயல்பாக விடுவது 151. இதே சேர்வரில் இப்படி மூன்று சேவை ஓடினால் 180, ஒரு நெருக்கடியான நாளில், இணைப்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது என்கிற 1040 பிழை வந்து நிற்கும்.

சரி, முதலில் அந்த என்விரோன் கோப்பைப் பாருங்கள். 'நோ' போய் 'யெஸ்' வந்து, அப்போதும் 1045 என்றால், பாஸ்வேர்டைத் தட்டுவதற்கு முன் அதே வரியில் யூசர் பெயருக்குப் பின்னால் @ போட்டு வருகிற முகவரியைப் பாருங்கள். லோக்கல்ஹோஸ்டுக்கு உருவாக்கிய யூசரும் 10.0.0.5இலிருந்து வருகிற அதே பெயருள்ள யூசரும் மைஎஸ்கியூஎல்லுக்கு இரண்டு வேறு ஆட்கள். அந்த வரியை, பாஸ்வேர்டை மறைத்துவிட்டு, இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.