பேக் ஆர்டரில் நிற்கும் பொருள்: காத்திருப்பதா, பணத்தைத் திரும்பக் கேட்பதா?

வாசகர் கேள்வி: அருமனைக்கு அருகே ரப்பர் தோட்டங்களில் தேனீப் பெட்டிகள் வைத்துப் பிழைக்கிறேன். மோட்டார் பொருத்திய, நான்கு தேனடைச் சட்டங்கள் வைக்கக்கூடிய தேன் பிழியும் இயந்திரம் ஒன்றை நவம்பர் 12 அன்று ஓர் இணையதளத்தில் ஆர்டர் செய்தேன். விலை 18,500 ரூபாய். சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் தன் பெயரில் ஆர்டர் போட்டு, தன் டெபிட் கார்டிலேயே முழுப் பணத்தையும் கட்டினான். அப்போது ‘இருப்பில் உள்ளது’ என்று காட்டினார்கள். நான்கு நாள் கழித்து, பொருள் ‘பேக் ஆர்டர்’ நிலையில் உள்ளது, மூன்று வாரத்தில் அனுப்புவோம் என்று மின்னஞ்சல் வந்தது. அதன்பின் கேட்கும்போதெல்லாம் இன்னும் இரண்டு வாரம் என்கிறார்கள். இப்போது பிப்ரவரி பிறந்துவிட்டது. ரப்பர் தளிர்த்துத் தேன் வரத்தும் தொடங்கிவிட்டது. ரத்து செய்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு, மீதியைத் தங்கள் தளத்து வாலட்டில்தான் வரவு வைப்பார்களாம். என்ன செய்வது?

பதில்: இனியும் வெறுமனே காத்திருக்க வேண்டாம், அதே நேரத்தில், கோபத்தில் அவர்களுடைய தளத்தில் உள்ள ரத்து பொத்தானை அழுத்திவிடவும் வேண்டாம். அந்தப் பொத்தானுக்கு முன்னால் வரும் பக்கத்தில் 10 சதவீதக் கழிவையும் வாலட் வரவையும் ஏற்றுக்கொள்வதாக ஒரு வாசகம் இருக்கக்கூடும். அதை ஒப்புக்கொண்டு ரத்து செய்தபின், பொருள் தராதது அவர்களா, மனம் மாறியது நீங்களா என்ற கேள்வியே தலைகீழாகிவிடும். தாமதம் அவர்களால் நேர்ந்தது என்பதை எழுத்தில் பதிவு செய்து, ஒரு கெடு தேதி விதித்து, அந்தத் தேதி தாண்டினால் முழுத் தொகையும் வந்த வழியே திரும்ப வேண்டும் என்று கேட்பதுதான் முதல் வேலை.

பேக் ஆர்டர் என்பதே மோசடி அல்ல. விற்பவர் கையில் இப்போது சரக்கு இல்லை, வரும் என்ற நம்பிக்கையில் ஆர்டரை எடுத்து வைத்திருக்கிறார் என்பது மட்டுமே அதன் பொருள். இத்தகைய இயந்திரங்களை இணையத்தில் விற்கும் பலர் சொந்தமாகக் கிடங்கு வைத்திருப்பதில்லை. ஆர்டர் வந்த பிறகே தயாரிப்பாளரிடமோ இறக்குமதியாளரிடமோ கேட்டு வாங்கி அனுப்புவார்கள், அவரோ குறிப்பிட்ட எண்ணிக்கை சேராமல் சரக்கை விடமாட்டார். தளம் காட்டும் இருப்பு எண்ணிக்கையும் உடனுக்குடன் திருத்தப்படாமல், விற்றுத் தீர்ந்த பொருளை இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே தொலைபேசியில் பேசும் ஊழியர் ‘இன்னும் இரண்டு வாரம்’ என்று சொல்லும்போது அவர் பொய் சொல்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரியாது. எனவே அவரிடம் ‘எப்போது வரும்’ என்று கேட்பதைவிட, ‘சரக்கு உங்கள் கிடங்குக்கு வந்துவிட்டதா, தயாரிப்பாளரிடமிருந்து கிளம்பிவிட்டதா, எழுத்தில் சொல்லுங்கள்’ என்று கேட்பது பயன் தரும். இதற்கு நேரான பதில் வராவிட்டால், சரக்கு எங்கும் கிளம்பவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே நிற்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் 2020 ஜூலையில் வெளியான மின்வணிக விதிகள், தெரிவித்த தேதிக்குப் பிந்தித் தரப்படும் பொருளைத் திரும்பப் பெறவோ, அதற்குச் செலுத்திய பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன. வெள்ளம், புயல் போன்று அவர் கைமீறிய காரணத்தால் தாமதம் நேர்ந்திருந்தால் மட்டுமே இதற்கு விலக்கு உண்டு. சப்ளையர் தரவில்லை என்பது பொதுவாக அந்த வகையில் சேராது. ரத்துக் கட்டணத்துக்கும் இந்த விதிகளில் ஒரு கடிவாளம் இருக்கிறது. நிறுவனம் தானாக ஓர் ஆர்டரை ரத்து செய்யும்போது அதே அளவு கட்டணத்தைத் தானும் ஏற்பதாக இருந்தால்தான் வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் வசூலிக்க முடியும். தன் பக்கத்து ரத்துக்கு 10 சதவீதம் ஈடு கொடுக்கும் எந்தத் தளத்தையும் நான் பார்த்ததில்லை. ஆகவே 1,850 ரூபாயை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

கடிதத்தை உங்கள் மகனின் மின்னஞ்சலிலிருந்தே, தளத்தில் பெயர் குறிப்பிட்டிருக்கும் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். அப்படி ஓர் அலுவலரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிடுவது கட்டாயம். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: “இந்த ஆர்டர் நவம்பர் 12 அன்று, பொருள் இருப்பில் உள்ளது என்ற தங்கள் அறிவிப்பை நம்பிச் செய்யப்பட்டது. நவம்பர் 16 அன்று தாங்கள் தெரிவித்த மூன்று வாரக் கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான தேன் பருவத்துக்காகவே இந்த இயந்திரம் வாங்கப்பட்டது. அதன்பின் வந்தால் இந்த ஆண்டு எங்களுக்குப் பயனில்லை. இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் பொருளைக் கூரியரிடம் ஒப்படைத்து அதற்கான சான்றை அனுப்பாவிட்டால், தாமதம் காரணமாக இந்த ஆர்டர் ரத்தாகிவிட்டதாகக் கருதி, 18,500 ரூபாயையும் எந்தக் கழிவும் இன்றி, பணம் செலுத்திய அதே டெபிட் கார்டு கணக்குக்குத் திருப்பி அனுப்பக் கோருகிறோம். வாலட் வரவை ஏற்க இயலாது.”

இதில் தேன் பருவத்தைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், காலம் முக்கியம் என்று இரு தரப்பும் கருதிய ஒப்பந்தத்தில் ஒருவர் உரிய காலத்தில் செய்யத் தவறினால், மற்றவர் அதை முறித்துக்கொள்ளலாம் என்கிறது. காலம் முக்கியமல்ல என்றால் நட்டஈடு மட்டுமே கேட்க முடியும். உங்கள் மாவட்டத்துக்காரருக்கு மாசி, பங்குனியில் ரப்பர்த் தளிரின் காம்பில் சுரக்கும் தேனைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை; டெல்லியிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து கடிதத்தைப் படிப்பவருக்கு அதை எழுதித்தான் தெரிவிக்க வேண்டும். ஆர்டர் செய்தபோதோ பின்னர் சாட்டில் பேசியபோதோ ‘சீசனுக்கு முன் வேண்டும்’ என்று எங்காவது எழுதியிருந்தால், அந்தப் பதிவையும் படமெடுத்து இணையுங்கள்.

கெடு விதித்தவுடன் பல நேரம் ஒரு டிராக்கிங் எண் வந்து விழும். அதைக் கண்டு நிம்மதியடைந்துவிடாமல், கூரியர் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். ‘அனுப்புநரிடமிருந்து விவரம் பெறப்பட்டது’ என்ற ஒரே வரி மட்டும் நாள்கணக்கில் நின்றால், லேபிள் அச்சாகியிருக்கிறதே தவிர பெட்டி யார் கைக்கும் மாறவில்லை. எடை, பிக்கப் நேரம், முதல் மையத்தின் பெயர் ஆகியவை தெரிந்தால்தான் சரக்கு உண்மையில் கிளம்பியதாக எண்ணலாம். மேற்சொன்ன கடிதத்தில் ‘எண்ணை அனுப்பவும்’ என்று எழுதாமல் ‘ஒப்படைத்ததற்கான சான்று’ என்று எழுதியது இதற்காகத்தான். கிளம்பிவிட்டால், இத்தனை பெரிய பெட்டி வீட்டு வாசல்வரை வருமா, அல்லது மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ உள்ள பார்சல் அலுவலகத்தில் நீங்களே போய் எடுக்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வங்கி, பலர் தவறவிடும் இடமும் இதுதான். கார்டில் பணம் கட்டி, பொருள் வராமல் போனால், கார்டு வழங்கிய வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’, அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியே விற்பனையாளரிடமிருந்து திரும்பப் பெறும் முறையைக் கோரலாம். டெபிட் கார்டுக்கும் இது உண்டு. ஆனால் இதற்குக் காலவரம்பு இருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு வலையமைப்புகளில் பொருள் வராத புகாருக்கு அது பொதுவாக 120 நாட்கள். பொருள் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவது வழக்கம் என்றாலும், வங்கியோடு வாதம் செய்ய வேண்டிய நிலை வராமலிருக்க ஆர்டர் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது நல்லது. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு மார்ச் இரண்டாம் வாரம் வரை நேரம் இருக்கிறது. ‘இன்னும் இரண்டு வாரம்’ என்ற சமாதானத்தை இன்னும் மூன்று முறை ஏற்றுக்கொண்டால் இந்த வழி அடைபடக்கூடும். ரூபே கார்டாக இருந்தால் காலக்கெடுவை வங்கியிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கார்டு மகனுடையது என்பதால் விண்ணப்பத்தை அவர்தான் கொடுக்க வேண்டும். ஆர்டர் உறுதிப்படுத்திய மின்னஞ்சல், தாமதத்தை ஒப்புக்கொண்ட அவர்களுடைய மின்னஞ்சல்கள், உங்கள் கெடுக் கடிதம் ஆகிய மூன்றும் போதும்.

கெடு முடிந்தும் அசைவு இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள்; தமிழிலும் பேசலாம், இணையத்திலும் பதியலாம். இது நீதிமன்றம் அல்ல, நிறுவனத்துக்கு ஆணையிடவும் இதற்கு அதிகாரமில்லை. ஆயினும் உங்கள் புகாரை நிறுவனத்தின் முன் வைத்துப் பதில் கேட்பார்கள். கொஞ்சம் பேர் பெற்ற தளமாக இருந்தால் இந்தக் கட்டத்திலேயே பணம் திரும்பிவிடுவதற்கு வாய்ப்பு அதிகம். நீங்கள் வாங்கியது பல விற்பனையாளர்கள் கடை விரித்திருக்கும் சந்தைத் தளம் என்றால், எழுத்தில் கேட்கும் வாடிக்கையாளருக்கு விற்பனையாளரின் முகவரி, மின்னஞ்சல் உள்ளிட்ட விவரங்களைத் தர அந்தத் தளம் கடமைப்பட்டது. அடுத்த படிக்கு அது தேவைப்படும் என்பதால் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்த படி, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ‘வழக்கு எதுவானாலும் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் மட்டும்’ என்று தளத்தின் நிபந்தனைகளில் எழுதியிருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர 2019-ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தந்திருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியே இணையத்திலும் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. வாங்கியவர் மகன், பயன்படுத்துபவர் நீங்கள் என்பதும் தடையாகாது. வாங்கியவரின் இசைவோடு பொருளைப் பயன்படுத்துபவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே. ஆனாலும் இருவரும் சேர்ந்து கையெழுத்திடுவது பின்னால் வரும் ஆட்சேபத்தைக் குறைக்கும்.

உங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு எடுக்கக்கூடிய வலுவான வாதம் வேறொன்று: ‘இது தொழிலுக்கு வாங்கிய இயந்திரம், இவர் நுகர்வோரே அல்ல’ என்பார்கள். வணிக நோக்கத்துக்காக வாங்கியவரைச் சட்டம் விலக்கி வைப்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து வாழ்வாதாரம் தேடுவதற்கென்றே வாங்கிய பொருளை வணிக நோக்கமாகக் கருதக் கூடாது என்று அதே சட்டப் பிரிவின் விளக்கம் சொல்கிறது. நீங்களே பெட்டிகளைப் பராமரித்து, நீங்களே தேன் எடுத்து, அதிலேயே குடும்பம் நடத்துகிறீர்கள் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்து நூற்றுக்கணக்கில் பெட்டிகள் நடத்துபவர் என்றால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

இதற்கிடையில் சீசன் உங்களுக்காக நிற்காது. மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேனீ வளர்ப்புக் கருவி விற்பவர்களிடம் கையால் சுற்றும் இயந்திரம் கிடைத்தால் வாங்கி வேலையைத் தொடங்கலாம். ஆனால் கெடு முடிந்து ரத்து அமலுக்கு வந்த பிறகு வாங்குங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள். அதே தரத்து இயந்திரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தால் அந்த வித்தியாசத்தை நட்டஈடாகக் கேட்க முடியும். எடுக்க முடியாமல் போன தேனுக்கும் கேட்கலாம்தான். ஆனால் அதை நிரூபிப்பது கடினம். கூட்டுறவுச் சங்கத்துக்கோ வியாபாரிக்கோ சென்ற ஆண்டு தேன் ஊற்றியதற்கான ரசீதுகள் இருந்தால் மட்டும் அந்தக் கோரிக்கையைச் சேருங்கள், இல்லாவிட்டால் அது மற்ற கோரிக்கைகளின் மதிப்பையும் குறைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. புகார் கொடுத்துக் காத்திருப்பவர்களைக் குறிவைத்து, ‘ரீஃபண்ட் பிரிவிலிருந்து பேசுகிறோம்’ என்று அழைக்கும் கூட்டம் இருக்கிறது. கூகுளில் தேடிக் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்களிலும் போலிகள் கலந்திருக்கின்றன. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணையோ ஓடிபியையோ யாரிடமும் சொல்லவோ, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ, ஏதாவது செயலியை நிறுவவோ தேவையே இல்லை. இதை மகனிடமும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் ஆர்டரில் இருப்பது அவருடைய எண்தான். அப்படி ஏதேனும் பணம் போய்விட்டால், வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அந்த மணி நேரத்திலேயே தெரிவிக்க வேண்டும்.